நடராசா-2

“பிள்ளை, நீர் செய்த லிங்கைப் பாத்திட்டு ரொறன்ரோவிலை என்ரை தம்பி என்னை புளொக் பண்ணிப்போட்டான்,” என்றார் முருகேசு தொலைபேசியில்.

மேனுகா ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய அலுவலகம் குசினிக்கு அடுத்த அறை. மடிக்கணினிக்கும் அம்மாவின் கிரைண்டருக்கும் ஒரே மேசை.

“ஏன் ஐயா?”

“வைரஸ் எண்டு நினைச்சிட்டான். அவன்ரை இடத்திலை நானெண்டாலும் அப்பிடித்தான் நினைப்பன். நீரே பாரும்.”

அவர் அனுப்பிய முகவரி கோயிலின் பெயரோடு மரியாதையாகத்தான் தொடங்கியது. பிறகு ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறிக்குப் பிறகு %E0%AE%A8%E0%AE%BE%E0%AE%B0 என்று, விக்கலெடுத்த ஒருவர் பேசுவதுபோல, விரலால் தள்ளத் தள்ள நீண்டுகொண்டே போனது.

பூவரசடி முருகன் கோயில் திருவிழாவுக்கு, ஆளுக்கொரு நாளின் செலவை ஏற்கும் உபயகாரர்கள் தங்கள் நாளைப் பதிந்துகொள்ள மேனுகா இணையத்தில் ஒரு படிவம் செய்து கொடுத்திருந்தாள். பெயர், ஊர், எத்தனையாம் நாள் திருவிழா, அகரவரிசைப் பட்டியலிலிருந்து இப்போது வசிக்கும் நாடு. அவ்வளவுதான். அனுப்பினால் அந்தக் குடும்பத்துக்கென்று முருகன் படத்தோடு ஒரு பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்தின் முகவரியை உலகெங்கும் இருக்கும் உறவுக்காரருக்கு அனுப்பிப் பெருமைப்படலாம். ஆனால் படிவத்தில் எழுதியதெல்லாம் முகவரியின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்தது. தமிழ் எழுத்துகளை முகவரி தன் சொந்தப் பாஷையில் மாற்றிக்கொண்டது.

“வாசிக்கக்கூடிய மாதிரிச் செய்யும், பிள்ளை. உம்மடை அறை அதிலைதான் தொங்குது,” என்றார் முருகேசு.

அவர் தர்மகர்த்தா சபைத் தலைவர். இணையத்தளம் நல்லபடி நடந்தால், கோயில் கலியாண மண்டபத்தின் மேல்மாடி அறையை மேனுகாவுக்கு அலுவலகமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார். கடல் தெரியும் யன்னல், வேகமான இணைய இணைப்பு, ஜெனரேற்றர். நல்லபடி நடக்காவிட்டால் வெள்ளவத்தையில் மாமாவின் புடவைக்கடை. அப்பா மாமாவோடு ஏற்கெனவே கதைத்துவிட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு கதிரைகூட வாங்கிவிட்டார்களாம். அவள் குடும்பத்தில் எல்லோரும் தெற்கே போய்க் கடையில் நின்றவர்கள்தான். கடையில் நிற்காமல் இருப்பதற்காகத்தான் மேனுகா கணினி படித்தாள்.

அன்று பின்னேரமே முகவரியைத் துப்புரவாக்கினாள். கேள்விக்குறி போனது, விக்கல் போனது. கோயிலின் பெயருக்குப் பிறகு /kayts/naranthanai/murugesu என்று மட்டும் நின்றது. தீவு, ஊர், ஆள். ஒரு நல்ல கடித உறையைப்போல.

“இப்பதான் ஆள் மாதிரி இருக்கு,” என்றார் முருகேசு. தம்பியும் அவரை மன்னித்தான்.

ஆனால் வாசிக்க முடிந்த முகவரியில் ஒரு குறை உண்டு. அதை எல்லோரும் வாசிப்பார்கள்.

முதலில் வாசித்தவர் லண்டனில் இருந்த ஜெகதீஸ், புளியங்கூடல்காரர். கேய்ற்ஸ் என்பது தீவுக்கு மட்டுமல்ல, அதிலுள்ள ஒரு பட்டினத்துக்கும் பெயர்.

“தங்கச்சி, எங்கடை ஊரை ஏன் கேய்ற்சுக்குக் கீழை போட்டனீர்?”

“கீழை போடேல்லை, அண்ணை. பக்கத்திலைதான் கிடக்கு. நடுவிலை ஒரு சாய்கோடு.”

“அந்தக் கோடு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கெண்டு பாத்தனீரோ?”

மேனுகா பார்த்தாள். அது பிறந்ததிலிருந்தே அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

“ஆற்றை பேர் முன்னுக்கு, ஆற்றை பேர் பின்னுக்கு எண்டு எனக்குத் தெரியாதோ? நானும் கோயில் நோட்டீஸ் அடிச்சனான், தங்கச்சி.”

மேனுகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. படித்த இடத்தில் இணைய முகவரி என்பது கணினி ஒரு பக்கத்தைத் தேடிப் போகும் வழி என்று சொல்லித் தந்தார்கள். இங்கே அது ஒரு நோட்டீஸ். நோட்டீசில் பெயர் ஒரு வரி கீழே இறங்கியதற்காகக் கூடப்பிறந்தவர்கள் ஒருவர் செத்தவீட்டுக்கு ஒருவர் போகாமல் விட்ட தீவு இது.

அவள் தீவின் பெயரைத் தூக்கினாள். இனி ஊரும் ஆளும் மட்டும். ஆனால் அதற்குள் பழைய முகவரிகள் கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று பறந்துவிட்டிருந்தன. அவற்றைத் திறந்தவர்களுக்கு வெள்ளைத் திரையில், பக்கம் இல்லை என்பதற்கான 404 என்ற எண் பெரிதாக வந்தது. சபைச் செயலாளர் ஐயாத்துரை அதைப் பார்த்துவிட்டு, இதுவரை 404 குடும்பங்கள் பதிந்துவிட்டதாக வட்ஸ்அப் குழுவில் அறிவித்தார். குழு மகிழ்ந்தது. அன்றைக்குப் பதிந்திருந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. அதைச் சொல்ல மேனுகாவுக்கு மனம் வரவில்லை. உண்மையில், அறை நினைவுக்கு வந்தது.

அடுத்த காலை நாரந்தனை நடராசா சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் போன்.

அவருடைய மனைவி சீதேவி, அவர் படிவத்தில் பதிந்த மறுநாள், மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று வவுனியா போயிருந்தாள். அதிலிருந்து அவர் தானே சமைத்துத் தானே சாப்பிட்டு வந்தார். வீட்டில் சண்டை பிடிக்க ஆள் இல்லை. அதனால் வெளியே வரும்போது கொஞ்சம் கூடுதலாகவே கொண்டு வந்தார்.

“இந்த ரெண்டை ஆர் போட்டது?”

/naranthanai/nadarasa-2 என்று இருந்தது.

“அது தன்ரைபாட்டிலை விழுகிறது, அங்கிள். ஒரே ஊர், ஒரே பேர் எண்டால் பிறகு பதிஞ்சவருக்கு ரெண்டு எண்டு வரும்.”

“பிறகு வந்தவனோ? நான் நாரந்தனையிலை பிறந்தனான். சண்டை நடக்கேக்கையும் இஞ்சைதான் கிடந்தனான். அப்ப முதலாவது ஆர்?”

மேனுகா பதிவைத் திறந்தாள். நடராசா, நாரந்தனை, ஐந்தாம் திருவிழா, அங்கோலா.

“அங்கோலாவிலை ஒரு நடராசா இருக்கிறார்.”

“அது எங்கை கிடக்கு?”

“ஆபிரிக்காவிலை.”

நடராசா கதிரையில் இருந்தார். “ஐஞ்சாம் திருவிழா எங்கடை, பிள்ளை. என்ரை பாட்டன், அப்பு காலத்திலையிருந்து எங்கடை. அதிலை ஒரு ஆபிரிக்காக்காரனுக்கு என்ன வேலை?”

அவர் குரல் இறங்கியது. கத்தியிருந்தால் மேனுகாவுக்கு இலேசாக இருந்திருக்கும். அந்த ஒரு நாள்தான் ஆண்டு முழுவதிலும் அவர் பட்டு வேட்டி கட்டும் நாள். தலைப்பாகை கட்டி, கோயில் மரியாதையான காளாஞ்சியை முதல் ஆளாக வாங்கும் நாள். அவள் அவர் மனத்தைக் குளிர்விக்க நினைத்து அந்த இரண்டை நீக்கினாள். எண்ணுக்குப் பதிலாக நாட்டைப் போட்டாள். nadarasa-angola. nadarasa-ilankai. இனி ஒன்றாம் ஆளும் இல்லை, இரண்டாம் ஆளும் இல்லை.

முகவரிகள் இரண்டும் வடிவாக இருந்தன. அவள் அதை மட்டும் பார்த்தாள்.

பின்னேரம் ஆவதற்குள் அங்கோலா நடராசா ஊருக்குள் வந்துவிட்டார். கப்பலிலோ விமானத்திலோ அல்ல. ஒரு சாய்கோட்டில் ஏறி வந்தார்.

“பிள்ளை,” என்றார் முருகேசு. இந்தமுறை குரலில் தேன். “அங்கோலாவிலை வைரம் எடுக்கிறவையாம். நான் கூகிளிலை பாத்தனான். அவற்றை நம்பரை ஒருக்காத் தாரும்.”

“நம்பர் இல்லை, ஐயா. நம்பர் கேட்டால் காசு கேக்கப்போறம் எண்டு சனம் ஓடும், அதை எடுத்துவிடும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“அது காசில்லாத ஆக்களுக்குச் சொன்னது.”

அன்று மண்டபத்தில் அவசரக் கூட்டம். மேனுகாவையும் கூப்பிட்டிருந்தார்கள். ஐயாத்துரை நடுவில் இருந்தார். ஐயாத்துரைக்குப் பல விடயங்கள் தெரியும். தெரியாது என்ற சொல் மட்டும் தெரியாது.

“ஐயாத்துரை அண்ணை, இந்த அங்கோலா நடராசாவை உங்களுக்குத் தெரியுமோ?” என்று மேனுகா கேட்டாள்.

“தெரியுமோவோ? நல்ல உயர்ந்த ஆள். கதை குறைவு. ஒரு பக்கத்துத் தோள் கொஞ்சம் சரிவு.”

“எந்தக் குடும்பப் பகுதி?” என்றார் முருகேசு.

ஐயாத்துரை கதவைப் பார்த்தார். நடராசா வரவில்லை. முன்னால் குனிந்தார்.

“எங்கடை நடராசாவின்ரை அப்பு இரத்தினபுரியிலை கடை வைச்சிருந்தவரெல்லோ. வருசத்துக்கு ஒருக்காத் திருவிழாவுக்குத்தான் ஊருக்கு வாறவர். மிச்ச நாள் முழுக்க மனிசன் அங்கை தனியச் சமைச்சுச் சாப்பிட்டதெண்டு நினைக்கிறீங்களோ?”

கூட்டம் மூச்சை இழுத்தது. தெற்கில் கடை வைத்திருந்த ஒவ்வொருவரின் பேரனும் தன் சொந்த அப்புவைப்பற்றி ஒரு கணம் யோசித்தான்.

“அங்கையும் ஒரு குடும்பம்,” என்றார் முருகேசு மெதுவாக.

“நான் சொல்லேல்லை. நீங்கள் சொல்லுறியள். ஆனால் இரத்தினபுரி எண்டால் என்ன? மாணிக்கக் கல்லு. கல்லுத் தொழில் தெரிஞ்ச வம்சம் பேந்து எங்கை போகும்? வைரம் இருக்கிற இடத்துக்கு. மூத்த பேரனுக்கு அப்புவின்ரை பேரை வைச்சிருப்பினம். இவருக்கும் அந்தப் பேர்தானே.”

எல்லாம் அவ்வளவு அழகாகப் பொருந்தியது. உலகத்தின் பெரிய நாவல்களில்கூட ஒரு மனிதன் இத்தனை விரைவாக இத்தனை முழுமையாகப் பிறந்ததில்லை. உயரம், தோள், பாட்டி, தொழில், தெற்கில் ஒரு துயரம். பல்லுமட்டும்தான் இன்னும் சொல்லப்படவில்லை. அதையும் யாராவது கேட்டிருந்தால் ஐயாத்துரை சொல்லியிருப்பார்.

கூட்டம் தீர்மானித்தது. ஐந்தாம் திருவிழாவின் முதல் மரியாதை, முதலில் பதிந்த அங்கோலா நடராசாவுக்கு. உள்ளூர் நடராசா துணை உபயகாரர். வாறவர் தங்குவதற்கு மண்டபத்தின் மேல்மாடி அறை. அதில் ஏசி பொருத்தவேண்டும்.

“ஐயா, அந்த அறை...” என்றாள் மேனுகா.

“தெரியும், பிள்ளை. ஆனால் கடல் தெரியிற யன்னல் அந்த அறைக்கு மட்டும்தானே இருக்கு. வைரக்காரரைக் கீழை விடலாமோ? உமக்குக் கீழை செருப்பு வைக்கிற அறையை ஒதுக்கித் தாறம். அதுக்கும் ஒரு பிளக் இருக்கு.”

ஐயாத்துரை வட்ஸ்அப் குழுவில் அழைப்பைப் போட்டார். ‘அங்கோலா வாழ் வைர வணிகர், எம் மண்ணின் மைந்தர் திரு. நடராசா அவர்களே, தங்கள் வரவை எதிர்பார்க்கிறோம்.’ பதில் வரவில்லை.

“பெரிய ஆக்கள் உடனை பதில் போடமாட்டினம்,” என்றார் முருகேசு.

மறுநாளும் வரவில்லை. மரியாதை இன்னும் கூடியது.

நடராசாவுக்குச் செய்தி போனது. இரத்தினபுரிக் கதையும் கூடவே போனது. அவர் வீட்டுக்குள் போய், சுவரில் தொங்கிய அப்புவின் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார். பிறகு மேனுகாவிடம் வந்தார்.

“பிள்ளை, நீர்தான் ஏதாவது செய்யவேணும்.”

செருப்பு அறையை நினைத்தபோது மேனுகாவுக்கும் ஏதாவது செய்யவேண்டும்போல்தான் இருந்தது. ஆளுக்கொரு முகவரி இருந்தால்தானே சண்டை. அவள் நாளுக்கொரு முகவரி செய்தாள். /thiruvizha-5 என்று ஒரே பக்கம். அதற்குள் இரண்டு நடராசாக்களும். யார் மேலே, யார் கீழே என்று கேட்பார்களே. அதற்கும் வழி கண்டாள். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பெயர்கள் இடம் மாறும். ஒருமுறை அங்கோலா மேலே, ஒருமுறை இலங்கை மேலே. கடவுள்கூட இவ்வளவு நடுநிலையாக இருந்திருக்க மாட்டார்.

இலங்கை மேலே வந்த நேரம் நடராசா ஸ்கிரீன்ஷொட் எடுத்தார். அங்கோலா மேலே வந்த நேரம் ஐயாத்துரை எடுத்தார். இரண்டும் ஒரே குழுவில் விழுந்தன. லண்டனில் இருந்தவர்கள் உள்ளூர் நடராசாவின் பக்கம் நின்றார்கள். பாரிஸ் அங்கோலாவின் பக்கம். ரொறன்ரோவில் ஒரு பிறந்தநாள் விழாவில், கேக் வெட்டுமுன், இரண்டு மைத்துனர்கள் போனை நீட்டி நீட்டிக் கதைத்துக் கடைசியில் கேக் வெட்டாமலே பிரிந்தார்கள். முருகேசுவின் தம்பி அவரை மறுபடியும் புளொக் பண்ணினான்.

“நீர் ரெண்டு பக்கமும் கதைக்கிற ஆள்,” என்றார் முருகேசு மேனுகாவிடம்.

“நான் ஒண்டும் கதைக்கேல்லை, ஐயா. பக்கம்தான் மாறுது.”

“பக்கம் மாறுற ஆக்கள் எங்களுக்குச் சரிவராது.”

அந்த வார முடிவில் உண்மையான நோட்டீஸ் அச்சாகி வந்தது. அதில் பெயர்கள் இடம் மாறவில்லை. ஐந்தாம் திருவிழா உபயம்: திரு. நடராசா, அங்கோலா. கீழே, சிறிய எழுத்தில், துணை: நடராசா, நாரந்தனை. திரு கூட இல்லை.

அன்று காலை மண்டபத்தின் மேல்மாடிப் படிக்கட்டில் நடராசா ஒரு பாயை விரித்து இருந்தார். மேலே போகவேண்டிய கட்டில், மெத்தை, ஏசி, புதிதாக வாங்கிய கொமோட் எல்லாம் கீழே முற்றத்தில் வெயிலில் நின்றன. கொமோட்டைச் சுற்றிப் பத்திருபது பேர்.

“எழும்புங்கோ, நடராசா,” என்றார் முருகேசு.

“என்ரை அப்பு அப்பிடிப்பட்ட ஆள் இல்லை எண்டு இந்த மைக்கிலை சொல்லுங்கோ. எழும்புறன்.”

“அதை நான் எப்பிடிச் சொல்லுறது? நான் இரத்தினபுரியிலை நிண்டனானோ?”

“அப்ப ஐயாத்துரை நிண்டவரோ?”

ஐயாத்துரை கொமோட்டின் மூடியைத் திறந்து பார்த்தார்.

“உங்கடை நாளை ஒருத்தரும் பறிக்கேல்லை,” என்றார் முருகேசு. “பங்குதானே. அவரும் உங்கடை ரத்தம்தானே.”

“எனக்கு ரத்தம் போதும். இருக்கிற ரத்தமே கொதிக்குது.”

மேனுகா முற்றத்தின் ஓரத்தில் அப்பாவோடு நின்றாள். அப்பா கொழும்பு பஸ்ஸுக்கு இரவு சீற் பதிந்துவிட்டார். மாமாவுக்கும் சொல்லிவிட்டார். அவள் கடைசித்தடவையாக முருகேசுவிடம் போனாள்.

“ஐயா, நான் பழையபடி அந்த விக்கல் முகவரிக்கே மாத்திவிடுறன். ஒருத்தருக்கும் விளங்காது. ஒருத்தரும் சண்டை பிடிக்கமாட்டினம். அந்த அறையை மட்டும்...”

“பிள்ளை, நான் வாக்கு மாறுற ஆளில்லை,” என்றார் முருகேசு சத்தமாக, எல்லோருக்கும் கேட்க. “முருகன் அறிய, இந்த அங்கோலாக்காரர் எண்டு ஒராள் இல்லாட்டில், இந்த நிமிசமே அறைக்கதவுத் திறப்பு உம்மடை கையிலை. ஏசியையும் பூட்டித்தாறன். ஆனால் ஆள் இருக்கிறாரே. நான் என்ன செய்ய?”

“ஓம், இருக்கிறார்,” என்றார் ஐயாத்துரை. “போன மாதமும் ஆரோ கண்டவையாம்.”

அப்போது வெளிவாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. வவுனியாவிலிருந்து திரும்பிய சீதேவி, ஒரு பையும் ஒரு பலாப்பழமுமாக இறங்கினாள். வீடு பூட்டிக் கிடந்ததால் கோயிலுக்கு வந்திருக்கிறாள். முற்றத்தில் கட்டிலையும் கொமோட்டையும் பார்த்தாள். படிக்கட்டில் பாயில் இருக்கும் கணவரைப் பார்த்தாள். பலாப்பழத்தைக் கட்டிலில் வைத்தாள்.

“என்ன பிள்ளை, இவர் ஏன் உதிலை இருக்கிறார்?” என்று பக்கத்தில் நின்ற மேனுகாவிடம் கேட்டாள்.

மேனுகா சுருக்கமாகச் சொன்னாள். அங்கோலா நடராசா. முதலில் பதிந்தது. ஐந்தாம் திருவிழா. இரத்தினபுரியை மட்டும் சொல்லாமல் விட்டாள். அதை ஐயாத்துரை நிரப்பினார்.

சீதேவி எல்லாவற்றையும் கேட்டாள். முகத்தை முந்தானையால் துடைத்தாள். முற்றம் அவள் அழப்போகிறாள் என்று காத்திருந்தது.

“அங்கோலாவோ? அது இவர்தான் பிள்ளை, நாடு கேட்ட பெட்டியிலை முதல் கிடந்த பேரை மாத்தாமல் அமத்திப்போட்டு, நான் பேசினாப் பிறகு இலங்கை எண்டு மாத்தி இன்னொருக்கா அமத்தினவர்.”